முதுகெலும்பில் விரிசல் விட்ட வேகப்பந்து வீச்சாளருக்குப் பிலாட்டீஸ் சரிப்படுமா?

கேள்வி: 4 ஜூன் 2023, இரவு 9.12

என் மகனுக்கு 19 வயது. வலது கை வேகப்பந்து வீச்சு. மூன்று மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம் வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் எல்5 எலும்பில், அதாவது கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பில், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (தொடர்ந்து விழும் அழுத்தத்தால் வரும் விரிசல்) என்று வந்திருக்கிறது. பந்து வீசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் யாரோடும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி வகுப்புக்குப் போனால் ஒரே மாதத்தில் எழுந்து ஓடுவான் என்கிறார். அது பெண்கள் எடை குறைக்கப் போவது என்கிறார் என் கணவர். இதில் யார் சொல்வது சரி? பட்டுத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். திருப்பூரில் இருக்கிறோம்.

4 ஜூன் 2023, இரவு 11.40

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை அக்கா. ஒரு மாதத்தில் ஓடமாட்டான். பெண்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. அதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் குத்துச்சண்டைக்காரர்.

நானும் வலது கை வேகப்பந்துதான். 21 வயதில் அதே எல்5, அதே இடது பக்கம். இப்போது எட்டு வருடமாகப் பிலாட்டீஸ் சொல்லிக்கொடுக்கிறேன். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதுவரை ஒன்றே ஒன்று: பந்தை அவன் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். மொட்டை மாடியில் சும்மா கையைச் சுழற்றிப் பார்க்கிறேன் என்று போவான். நான் போனேன்.

5 ஜூன் 2023, காலை 6.20

2009 கோடை. நந்தனத்தில் ஒரு லீக் ஆட்டம், மேட்டிங் பிட்ச். என்னுடைய ஒன்பதாவது ஓவரில் இடது கால் தரையில் இறங்கிய நொடியில் முதுகுக்குள் ஒரு குத்து. ஊசியை உள்ளே விட்டுத் திருப்பியது மாதிரி. அதற்கு முன்பே இரண்டு மாதமாக மந்தமான வலி இருந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்தால் போய்விடும், மறுநாள் வலைப்பயிற்சியில் திரும்ப வரும். சதைப்பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்போதைய பயிற்சியாளரும், "உடம்பு சூடேறினா சரியாயிடும், போடு" என்றார். போட்டேன். குத்தின பிறகும் அந்த ஓவரில் மீதமிருந்த நான்கு பந்தையும் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மருத்துவமனையில் தசைப்பிடிப்பு என்று சொல்லி ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாமா சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போனார். அவர் எண்ணெய் போட்டு உருவிவிட்டதில் அன்று இரவு புரண்டு படுக்க முடியவில்லை. பெரியம்மா புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். முதுகுக்குள்ளே இருக்கிற வலிக்கு எந்த இடத்தில் கட்டுவது என்று அப்பா கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. எட்டு வாரம் கழித்துத்தான் எம்ஆர்ஐ.

என்ன நடக்கிறது என்று உங்கள் கணவருக்கும் புரியும்படி சொல்கிறேன். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கமும், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்க்கிற மெல்லிய பாலம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வலது கைக்காரன் பந்தை விடும்போது இடது கால் ஊன்றி நிற்கும். உடம்பு பின்னால் வளைந்து, இடது பக்கம் சாய்ந்து, கூடவே திரும்பும். மூன்றும் ஒரே நேரத்தில். கால் ஊன்றுகிற கணத்தில் தரை திருப்பித் தருகிற விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். இடது பக்கத்துப் பாலம் அங்கே நசுங்குகிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கடைசியில் விட்டுப்போகும் இல்லையா, அப்படித்தான். ஒரு பந்தில் உடைவதில்லை. ஆயிரக்கணக்கான பந்துகளின் கணக்கு அது. அதனால்தான் வீசுகிற கைக்கு எதிர்ப்பக்கத்தில் வருகிறது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களை அதிகம் பிடிப்பதும் இதுதான். பையன் தப்பு எதுவும் செய்யவில்லை என்று அவனிடம் முதலில் சொல்லுங்கள்.

வேலைக்குக் கிளம்ப வேண்டும். மீதி இரவு.

5 ஜூன் 2023, இரவு 10.05

ஆறு மாதம் பந்தைத் தொடவில்லை. வலி போய்விட்டது. ஆனால் முதுகின் மீது நம்பிக்கை போயிருந்தது. குனிந்து செருப்பை எடுக்கவே யோசிப்பேன். பஸ் வேகத்தடையில் ஏறினால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோ, "எலும்பு ஆறிவிட்டது, நீ இன்னும் ஆறவில்லை" என்று சொல்லி அடையாறில் ஒரு பிலாட்டீஸ் டீச்சரிடம் அனுப்பினார். நடனம் ஆடியவர், அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். மாடியில் ஒரே அறை. நடுவில் கட்டில் மாதிரி ஒன்று. அதன் மேல் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு பலகை, அடியில் ஐந்து ஸ்பிரிங். அதுதான் ரிஃபார்மர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதில் என்னை ஏற்றவே இல்லை. தரையில் பாயில் படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, பாதம் தரையில். வலது கையை மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன், காதை ஒட்டித் தரையைத் தொட்டது. வேகப்பந்துக்காரனுக்கு இது ஒரு வேலையா என்று இருந்தது. டீச்சர் என் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்தார். முழங்கை வரை உள்ளே போனது. அப்புறம் என் இடது உள்ளங்கையை எடுத்து, மார்புக்கூட்டின் கடைசி விலா எலும்பின் மேல் வைத்து, "இப்போ மறுபடியும் தூக்கு" என்றார்.

கை கண்ணுக்கு நேரே வந்ததும் விலா எழும்பியது. கையோடு கட்டிவைத்த மாதிரி கூடவே எழும்பியது. அதோடு இடுப்பு பாயை விட்டு விலகியது. "மூச்சை விடு. விலா இறங்கட்டும். இறங்கினபடியே இருக்கட்டும். இப்போ தூக்கு." கை முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் அங்குலம்கூடப் போகவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து எல்லோரும் பாராட்டிய என்னுடைய உயரமான கை, அந்தக் கடைசிக் கால் பங்கை ஒவ்வொரு பந்துக்கும் என் முதுகிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

அன்று பாயிலேயே கொஞ்ச நேரம் அழுதேன். டீச்சர் ஒன்றும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

பிலாட்டீஸ்தான் என் முதுகைக் குணமாக்கியது. சந்தேகமே வேண்டாம்.

6 ஜூன் 2023, காலை 5.50

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். நான் எத்தனை வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதற்கு அது சாட்சி.

எலும்பைக் குணமாக்கியது ஓய்வு. பந்து வீசாமல் இருந்த அந்த ஆறு மாதம். பிலாட்டீஸுக்கு எலும்பை ஒட்டவைக்கிற சக்தி கிடையாது, எந்தப் பயிற்சிக்கும் கிடையாது. நான் டீச்சரிடம் போனது விரிசல் ஆறின பிறகு. நன்றி மிகுந்த மனது முன்பின் வரிசையை மாற்றிவிடுகிறது. அடிபட்டு ஆசிரியரானவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. தன்னைத் தூக்கிவிட்ட கைதான் உலகத்தையே தூக்கிவிடும் என்று தோன்றும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் உதவுகிறதா என்று 10 சோதனைகளை, 510 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் வலி குறைகிறது, நடமாட்டம் கூடுகிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அதுவும் காரணம் இன்னதென்று பிடிபடாத முதுகு வலிக்காரர்களைப் பற்றியது, உங்கள் பையனைப் போல எலும்பில் விரிசல் உள்ளவர்களைப் பற்றியது அல்ல. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே அக்கா, டாக்டர் சொன்ன ஓய்வு முதலில். பிலாட்டீஸ் அதற்குப் பிறகு.

6 ஜூன் 2023, இரவு 9.30

யோகாவே போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நானும் முதல் மாதம் தெரியாத்தனமாகச் சூரிய நமஸ்காரம் செய்தேன். புஜங்காசனம், தனுராசனம் எல்லாம் முதுகைப் பின்னால் வளைப்பவை. விரிசல் ஆறாத நிலையில் அந்தப் பாலத்தை நசுக்குகிற அதே திசை அது. அதே காரணத்துக்காகப் பிலாட்டீஸில் உள்ள ஸ்வான், ஸ்விம்மிங் இரண்டும் இப்போது ஆகாது. குறை ஆசனத்தில் இல்லை. யாருக்கு, எப்போது என்பதுதான் விஷயம்.

ரிஃபார்மரில் எனக்குப் பிடித்தது ஸ்பிரிங். பளு தூக்கிப் பழகியவனுக்கு அது முதலில் பிடிபடாது. நான்கு ஸ்பிரிங் மாட்டிக் காலால் தள்ளினால் தொடைக்கு வேலை. நான்கைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றை மாட்டிக் கையூன்றி உடம்பை நீட்டினால், பலகை ஓடிப்போகாமல் பிடித்துவைப்பது முழுக்க வயிற்றின் பொறுப்பு. பளு குறையக் குறையக் கஷ்டம் கூடுகிறது. புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் "இன்னும் ஒரு ஸ்பிரிங் போடுங்க" என்பார்கள். நான் ஒன்றைக் கழற்றுவேன்.

9 ஜூன் 2023, பகல் 1.15

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி பற்றி ஒருவர் கேட்டதற்கு. ஆமாம், அவருக்கும் இதேதான். 1973இல் மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் கீழ்முதுகில் எலும்பு முறிவு என்று தெரியவந்தது. பலர் முடிந்தது என்றார்கள். நீண்ட உடற்பயிற்சிக்குப் பிறகு இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்தார். 1987இல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது வேகப்பந்து சொல்லிக்கொடுக்க வந்ததும் அவர்தான். சின்ன வயதில் சேத்துப்பட்டு மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பையன் ஓடிவந்து பந்தைப் போட்டதும் லில்லி விக்கெட்டைப் பார்க்கவே மாட்டார். பையனின் முன்னங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வயதில் அது எனக்கு ஆச்சரியம். பந்து எங்கே போனது என்று பார்க்காமல் ஒருவர் எப்படிப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்க முடியும்? இன்று வகுப்பில் நானும் அதையேதான் செய்கிறேன். கை தூக்கினால் கையைப் பார்ப்பதில்லை, விலாவைப் பார்க்கிறேன்.

பும்ரா பெயரையும் பையனிடம் சொல்லுங்கள். 2019இல் முதுகில் இதே வகை முறிவு, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் திரும்பி வருவதற்காக உழைத்தவர் அவர்.

11 ஜூன் 2023, இரவு 10.50

எப்படி ஆசிரியரானேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகவேண்டும் என்று நினைக்கவில்லை. டீச்சரிடம் வகுப்புக்குக் கட்டணம் கொடுக்க முடியாத மாதங்களில் காலை ஐந்தரைக்குப் போய் அறையைத் துடைத்து, ஸ்பிரிங் கொக்கிகளைச் சரிபார்த்து, பாய்களை வெயிலில் போட்டு எடுத்து வைப்பேன். அப்படியே மூலையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. டீச்சர் அதிகம் பேசுவதில்லை. ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அன்றைய வகுப்பைத் தீர்மானித்துவிடுவார். எந்தக் காலில் நின்று எந்தக் காலைத் தூக்குகிறார், சுவரைப் பிடிக்கிறாரா என்று.

2013இல் முழுப் பயிற்சியில் சேர்ந்தேன். பாய், ரிஃபார்மர், இன்னும் கெடிலாக், நாற்காலி, பீப்பாய் என்று பெயருள்ள பிலாட்டீஸ் கருவிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 450 மணி நேரம். பாடம் கேட்பது அதில் ஒரு பங்குதான். மற்றவர் வகுப்பைப் பார்ப்பது, தானே செய்வது, மேற்பார்வையில் சொல்லிக்கொடுப்பது என்று மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டணத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. பகலில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் ஆனது. 2015இல் முதல் வகுப்பு எடுத்தேன். வளையலை மீட்க இன்னும் ஒரு வருடம்.

கிரிக்கெட்டுக்குத் திரும்பவில்லையா என்கிறீர்கள். 2011இல் ஒரு பருவம் வீசினேன். முதுகு தாங்கியது. வேகம் முன்போல இல்லை. அதைவிட முக்கியமாக, காலை ஐந்தரைக்கு அந்த அறைக்குப் போவதற்காகத்தான் எழுந்தேன், மைதானத்துக்காக அல்ல. அந்தப் பருவத்தின் நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லத்தான் எட்டு மாதம் ஆனது.

12 ஜூன் 2023, காலை 6.00

அடிபட்டுத்தான் ஆசிரியராக வேண்டுமா என்ற கேள்விக்கு. வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கலையே ஏறக்குறைய அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் மன்ஷென்கிளாட்பாக் ஊரில் பிறந்தவர், நோஞ்சான் குழந்தை. இங்கிலாந்தில் இருந்தபோது முதல் உலகப்போர் வந்தது, எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவில் நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். 20,000க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த இடம். அங்கே படுக்கையில் கிடந்தவர்களுக்காகக் கட்டில் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தி முதல் கருவியைச் செய்தார். 1926இல் நியூயார்க் போய், எட்டாவது அவென்யூவில் துணைவி கிளாராவோடு கூடம் நடத்தினார். பக்கத்தில் நடனப் பள்ளிகள், அதனால் கால் போனவர், முட்டி போனவர் எல்லாம் வந்தார்கள். ரொமானா கிரிஸனோவ்ஸ்கா கணுக்காலில் அடிபட்டு வந்த பாலே நடன மாணவி, பின்னாளில் அந்தக் கூடத்தையே நடத்தினார். ரான் ஃபிளெட்சர் மார்த்தா கிரகாம் நடனக் குழுவில் ஆடியவர், முட்டி வலியோடு வந்தார், 1970களின் தொடக்கத்தில் பெவர்லி ஹில்ஸில் சொந்தக் கூடம் திறந்தார். நோயாளியாக ஏறிய படியில் ஆசிரியராக இறங்கியவர்கள்.

12 ஜூன் 2023, இரவு 8.40

கட்டில் ஸ்பிரிங் கதையைப் பற்றி ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. முகாமில் இருந்தது உண்மை. கட்டிலைக் கருவியாக மாற்றினார் என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லி நிலைத்த கதை, கெட்டியான ஆதாரம் உள்ளதல்ல. நானும் எட்டு வருடமாக மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளை வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

18 ஜூன் 2023, இரவு 11.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆசிரியராக வேண்டும் என்று இரண்டு இளைஞர்கள் இங்கே கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

வகுப்பு எடுக்க ஆரம்பித்த முதல் வருடம். 64 வயதுள்ள ஒரு அம்மா வந்தார். மேல்முதுகு கூனியிருந்தது. எலும்பு அடர்த்தி குறைவு என்று அறிக்கையும் கொடுத்திருந்தார். நான் படித்தேன், படித்து ஓரமாக வைத்தேன். என் மனதில் ஒரே பயம்: முதுகைப் பின்னால் வளைத்தால் உடையும். ஏனென்றால் என் முதுகு அப்படித்தான் உடைந்தது. அதனால் அவரைப் பின்னால் நிமிர்த்தும் ஒரு பயிற்சியும் கொடுக்கவில்லை. முன்னால் சுருட்டும் பயிற்சிகளாகக் கொடுத்தேன். ரோல் டவுன், ஸ்பைன் ஸ்டிரெட்ச். மூன்று வாரம். நான்காவது வாரம் டீச்சர் வந்து பார்த்தார். அந்த அம்மா உட்கார்ந்து முன்னால் சுருண்டுகொண்டிருந்தார். டீச்சர் போய் அவர் தோளில் கை வைத்து நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போனார்.

எலும்பு மெலிந்தவர்களை முன்னால் அழுத்தமாகச் சுருட்டினால் முள்ளெலும்பின் முன்பக்கம் நொறுங்கலாம். அவருக்கு வேண்டியது நான் பயந்து விலக்கிவைத்த அதே நிமிர்த்தல். பயிற்சியில் படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன். "நீ அவங்க முதுகைப் பார்க்கலை. உன் முதுகைத்தான் அவங்ககிட்ட பார்த்தே" என்றார் டீச்சர்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் என்னிடமே வந்தார். குப்புறப் படுத்து, நெற்றியைக் கையில் வைத்து, மார்பை இரண்டு விரல்கடை உயரம் தூக்குவார். அவ்வளவுதான். கடைசியில் கோயில் கோபுரத்தைக் கழுத்து வலிக்காமல் அண்ணாந்து பார்த்ததாகச் சொன்னார்.

20 ஜூன் 2023, காலை 7.10

இன்னொரு பழைய தவறு. "தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளே இழு" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1996இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய அலை அது. கையைத் தூக்குவதற்குச் சற்று முன்பே அடிவயிற்றின் ஆழத்துத் தசை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது, முதுகு வலி உள்ளவர்களுக்கு அது தாமதமாகிறது என்று கண்டார்கள். அது சரியான கண்டுபிடிப்பு. அதிலிருந்து எந்நேரமும் வயிற்றை உள்ளிழுத்து வைக்க வேண்டும் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். என் மாணவர் ஒருவர் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்க இழுத்துப் பிடித்து, மூச்சு மேலேயே நின்று, வலி கூடி வந்தார். இப்போது "மூச்சை முழுக்க விடு" என்கிறேன். விடுகிற மூச்சின் கடைசிப் பகுதி வெளியே போகும்போது அந்தத் தசை தானாக வந்து நிற்கும்.

26 ஜூன் 2023, இரவு 9.00

திருப்பூரிலோ கோவையிலோ நல்ல ஆசிரியரை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டீர்கள். பிலாட்டீஸ் என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அதை வணிகச் சின்னமாக வைத்திருந்தார்கள். 2000இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அது பொதுச்சொல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் நாங்களெல்லாம் பயமில்லாமல் அந்தப் பெயரில் சொல்லிக்கொடுக்க முடிகிறது. அதே காரணத்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பெயரைப் பலகையில் எழுதலாம்.

போய் வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் தானே செய்துகாட்டிக்கொண்டிருக்கிறாரா, மாணவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். எம்ஆர்ஐ அறிக்கையைக் கொடுத்தால் படிக்கிறாரா, டாக்டரிடமும் பிசியோவிடமும் பேசத் தயாரா என்று பாருங்கள். "இதை இப்போ செய்யவேண்டாம்" என்று ஏதாவது ஒன்றையாவது சொல்ல வேண்டும். எல்லாம் செய்யலாம் என்பவரிடம் பையனை விடாதீர்கள். பெரிய கருவிகள் இல்லையென்றால் குறையில்லை. ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள 34 பயிற்சிகளுக்கும் ஒரு பாய் போதும்.

14 அக்டோபர் 2023, இரவு 10.30

அக்கா எழுதியதைப் பார்த்தேன். இரண்டாவது எம்ஆர்ஐயில் விரிசல் ஆறிவருகிறது, மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். நான்கு மாதம் பையனைப் பிடித்துவைத்தது நீங்கள்தான். அதில் பாதிகூட என்னால் முடிந்திருக்காது.

அவன் என்னிடம் தனியாகவும் எழுதியிருந்தான். முழுவதையும் இங்கே போட மாட்டேன், ஒரு வரி மட்டும்: "அண்ணா, நான் பவுலர் இல்லேன்னா யாரு?" இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை அழித்துவிட்டேன். என்னுடைய பதில் ஆசிரியர் என்பது. அதை அவன் தலையில் ஏற்றக் கூடாது. 64 வயது அம்மாவிடம் செய்த அதே தவறு அது. அவன் திரும்ப வீசலாம். வீசாமலும் இருக்கலாம். 19 வயதில் இரண்டும் திறந்தே இருக்கட்டும்.

கடைசியில், நேரில் வா, முதலில் உன் தோளைப் பார்க்கலாம் என்று மட்டும் எழுதினேன்.

21 அக்டோபர் 2023, காலை 6.40

அடுத்த ஞாயிறு சென்னை வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பத்து மணிக்கு வாருங்கள். எம்ஆர்ஐ அறிக்கை மட்டும் போதாது, படத்தட்டையும் எடுத்து வாருங்கள். டாக்டரின் எண் இருந்தால் பேசிவிட்டே தொடங்குகிறேன். அவன் அப்பாவும் வரட்டும். அறையின் மூலையில் ஒரு நாற்காலி இருக்கிறது, நான் உட்கார்ந்து பார்த்த அதே மூலை.

ஒளித்துவைத்த பந்தையும் கொடுத்தனுப்புங்கள். வீசுவதற்கு இல்லை. பாயில் படுத்துக்கொண்டு, வலது கையில் அதைப் பிடித்தபடி, இடது கையை விலாவின் மேல் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தூக்கிப் பார்க்கட்டும்.